டிசம்பர் 25-இல் தொடங்கும் கிறிஸ்துமஸ்

டிசம்பர் 26 காலையில் கத்தோலிக்க ஆலயத்துக்குப் போகிறவர், குருவானவர் சிவப்புத் திருவுடையில் பீடத்தில் நிற்பதைப் பார்ப்பார். முந்தைய நாள் எல்லாம் வெண்மையும் பொன்னிறமுமாக இருந்தன. குடிலில் குழந்தை இன்னும் வைக்கோல் மேல்தான் படுத்திருக்கிறது, நட்சத்திர விளக்கும் எரிகிறது. ஆனால் அன்றைய முதல் வாசகமோ ஒருவரை ஊருக்கு வெளியே இழுத்துக்கொண்டுபோய்க் கல்லால் எறிந்து கொன்ற செய்தி. நம்பிக்கைக்காக உயிர்விட்ட முதல் மறைச்சாட்சி ஸ்தேவானின் விழா அது. இரண்டு நாள் கழித்து டிசம்பர் 28-இல் மறுபடியும் சிவப்பு. ஏரோது கொல்லச்செய்த பெத்லகேம் குழந்தைகளை அன்று நினைவுகூர்கிறார்கள். கிறிஸ்துமஸை ஒருநாள் பண்டிகையாக மட்டும் அறிந்தவருக்கு இது அபசுரமாகத்தான் ஒலிக்கும். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு மறுநாளே யாராவது கொலைச் செய்தியை வாசிப்பார்களா?

பிறந்தநாள் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கலே. திருவழிபாட்டு ஆண்டில் கிறிஸ்து பிறப்புக் காலம் ஒரு குழந்தை எப்போது, எப்படிப் பிறந்தது என்ற வரலாற்றை நாள்வாரியாகச் சொல்லிக்கொண்டு போவதில்லை. அந்தக் குழந்தை யார் என்பதையே அது பல பக்கங்களிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறது. அதனால் நிகழ்ச்சிகளின் வரிசை குலைந்தாலும் அது கவலைப்படுவதில்லை. மத்தேயு நற்செய்தியில் ஞானிகள் வந்துபோன பிறகுதான் ஏரோதின் வாள் பாய்கிறது. நாட்காட்டியிலோ குழந்தைகள் டிசம்பர் 28-இல் சாகிறார்கள். ஞானிகள் ஜனவரி 6-இல் நிதானமாக வந்துசேர்கிறார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு, இன்னும் தொட்டிலைவிட்டு இறங்காத அதே குழந்தை முப்பது வயது ஆளாக யோர்தான் ஆற்றில் நிற்கிறது. தேதிப்படி வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் யாரும் இப்படி எழுதமாட்டார்.

முதலில் எல்லைகளைப் பார்த்துவிடலாம். கடைகளின் கணக்கில் கிறிஸ்துமஸ் நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 25 இரவோடு முடிந்துவிடுகிறது. ரோமைத் திருச்சபையின் கணக்கு ஏறக்குறைய அதற்கு நேர் எதிர். டிசம்பர் 24 மாலை மன்றாட்டோடு காலம் தொடங்கி, ஜனவரி 6-க்கு அடுத்த ஞாயிறன்று வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடிகிறது. ஞானிகளின் வருகையைக் கொண்டாடும் ஜனவரி 6-இன் திருக்காட்சிப் பெருவிழாவை ஞாயிற்றுக்கு மாற்றிக் கொண்டாடும் நாடுகளில் சில ஆண்டுகள் இது ஒரு நாள் தள்ளிப்போகும். எப்படியானாலும் இரண்டு வாரத்துக்குக் குறையாது, மூன்று வாரத்தை எட்டாது. ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகளில் பன்னிரண்டு நாள் கணக்குதான் பழக்கம். அதன்பின் திருக்காட்சிக் காலம் தனியாகத் தொடங்கும்.

டிசம்பர் 25-க்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலத்துக்கு உரியவை. ஊதா உடை, அளவான இசை, குறைவான மலர் அலங்காரம். ஞாயிற்றுத் திருப்பலிகளில் வழக்கமாகப் பாடும் வானவர் கீதம் இந்த நான்கு வாரமும் பாடப்படுவதில்லை. கிறிஸ்துமஸ் இரவில் அதை முழக்கத்தோடு மறுபடி எடுப்பார்கள். டிசம்பர் 16 வரை வாசகங்கள் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. 17-ஆம் தேதிக்குப் பிறகுதான் பெத்லகேமை நோக்கித் திரும்புகின்றன. காத்திருப்புக்கென்று ஒதுக்கிய வாரங்களில் விருந்தை முடித்துவிட்டு, விருந்துக்கென்று ஒதுக்கிய வாரங்களில் களைத்துப்போய்ப் படுத்துக்கொள்வது இன்றைய வழக்கமாகிவிட்டது. இதற்குக் கடைக்காரரை மட்டும் குறைசொல்ல முடியாது. பல பங்குகளிலும் சபைகளிலும் கேரல் நிகழ்ச்சிகள் 20-ஆம் தேதிக்குள் முடிந்துவிடுகின்றன.

இந்தக் காலம் உருவான கதையைத் தெரிந்துகொண்டால் அதன் பொருள் இன்னும் தெளிவாகும். கிறிஸ்தவர்களின் முதல் பண்டிகை உயிர்ப்பு. வாரம்தோறும் ஞாயிறு, ஆண்டுக்கு ஒருமுறை பாஸ்கா. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் இயேசுவின் பிறப்பைக் கொண்டாடியதற்கான தடயமே இல்லை. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஒரிஜன், விவிலியத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பாவிகள்தான் என்று கேலியாகவே எழுதியிருக்கிறார். அவருக்குச் சற்று முன்பு வாழ்ந்த கிளமெந்து, பிறப்பின் தேதியைச் சிலர் மே மாதத்தில் கணக்கிட்டதையும், 2-ஆம் நூற்றாண்டு ஆசிரியர் பசிலிதேசின் சீடர்கள் இயேசுவின் திருமுழுக்கை ஜனவரித் தொடக்கத்தில் கொண்டாடியதையும் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். ஆக, கிழக்கில் பிறப்பு விழாவுக்கு முன்பே திருமுழுக்கு நாட்காட்டிக்குள் நுழைந்துவிட்டது. 4-ஆம் நூற்றாண்டில் ஜனவரி 6 கிழக்கத்திய சபைகள் பலவற்றில் பெரிய விழாவாக இருந்தது. சில இடங்களில் அது திருமுழுக்கின் நாள், சில இடங்களில் பிறப்பின் நாள், சில இடங்களில் இரண்டும்.

அந்த விழா எப்படி நடந்தது என்பதற்கு ஒரு நேரடிச் சாட்சி கிடைத்திருக்கிறது. 380களில் எஜெரியா என்ற பெண் மேற்கிலிருந்து புனித நாட்டுக்குத் திருப்பயணம் போய், கண்டதையெல்லாம் தன் தோழியருக்குக் கடிதமாக எழுதினார். கையெழுத்துப் பிரதியில் சரியாக இந்த இடத்தில் ஓர் ஏடு தொலைந்துபோயிருக்கிறது. மீதி தொடங்கும்போது ஆயரும் மக்களும் பெத்லகேமில் இரவு வழிபாட்டை முடித்துவிட்டு எருசலேமுக்குள் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். கூட வரும் துறவிகள் கால்நடையாக வருவதால் ஊர்வலம் மெதுவாகவே நகர்கிறது என்றும், ஒருவர் முகம் மற்றவருக்கு மங்கலாகத் தெரியத் தொடங்கும் விடியல் வேளையில்தான் நகரை அடைகிறார்கள் என்றும் எழுதுகிறார். பிறகு எட்டு நாள் விழா. முதல் மூன்று நாள் கொல்கொதாப் பேராலயம், நான்காம் நாள் ஒலிவ மலை, ஐந்தாம் நாள் பெத்தானியா, ஆறாம் நாள் சீயோன் என்று மக்கள் ஒவ்வோர் ஆலயமாகப் போகிறார்கள். எங்கும் பட்டுத் திரைகள், பொன், மணிகள். நாற்பதாம் நாள், குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. அதை உயிர்ப்பு விழாவுக்கு இணையான மகிழ்ச்சியோடு கொண்டாடுகிறார்கள் என்கிறார். காலம் என்ற எண்ணம் பிற்காலத்தார் ஒட்டவைத்தது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. விழா பற்றிய மிகப் பழைய விரிவான வருணனையிலேயே எட்டு நாளும் இருக்கிறது, நாற்பது நாளும் இருக்கிறது.

டிசம்பர் 25 ரோமிலிருந்து வந்தது. 354-இல் அங்கே தயாரிக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுப்பில், மறைச்சாட்சிகளின் நினைவு நாள் பட்டியல் இந்தத் தேதியோடுதான் தொடங்குகிறது: ‘யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்.’ பட்டியலின் மூலம் 336-ஐ ஒட்டியது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதே தொகுப்பின் இன்னொரு பகுதியான அரசு நாட்காட்டியில் அதே தேதிக்கு நேரே வேறொரு குறிப்பு இருக்கிறது. வெல்லப்படாதவரின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள்! வெல்லப்படாதவர் என்பது சூரியன். 274-இல் பேரரசர் அவுரேலியன் ரோமில் அந்தத் தெய்வத்துக்குக் கோவில் அர்ப்பணித்திருந்தார்.

‘சூரியப் பண்டிகையைத்தான் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்’ என்று ஆண்டுதோறும் டிசம்பரில் அடித்துச் சொல்பவர்கள் இந்த ஆதாரத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். டிசம்பர் 25-இல் சூரியனுக்குப் பண்டிகை நடந்தது என்பதற்கான தெளிவான முதல் சான்றும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான முதல் சான்றும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. எது முந்தியது என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. மறுபக்கம் இன்னொரு விளக்கம் உண்டு. இயேசு இறந்த நாள் மார்ச் 25 என்று, 200-ஐ ஒட்டி எழுதிய தெர்த்தூலியன் காலத்திலிருந்தே மேற்கில் ஒரு கணக்கு இருந்தது. கருவான நாளும் இறந்த நாளும் ஒன்றே என்று கொண்டால், ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25 வருகிறது. அகுஸ்தீனார் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். கிழக்கில் சிலர் ஏப்ரல் 6-ஐ வைத்துக் கணக்கிட்டார்கள். ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6. இரண்டு தேதியையும் ஒரே முறையில் விளக்குகிறது என்பதால் இந்தக் கருத்து எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. ஆனாலும் சூரியனை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. 5-ஆம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை பெரிய லியோ தம் கிறிஸ்துமஸ் மறையுரை ஒன்றில், புனித பேதுரு பேராலயத்தின் படிகளில் ஏறிவந்த கிறிஸ்தவர்களே வாசலில் திரும்பி நின்று உதிக்கும் சூரியனுக்குத் தலைவணங்குவதைக் கடிந்துகொள்கிறார். விழா தொடங்கி நூறாண்டு கழிந்த பிறகும் மக்கள் இரண்டையும் கலந்தே வைத்திருந்தார்கள்.

ரோமின் தேதி கிழக்கே வேகமாகப் பரவியது. 380களில் அந்தியோக்கியாவில் பேசிய யோவான் கிறிசோஸ்தோம், இந்த நாள் நமக்குத் தெரியவந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை என்கிறார். ஜனவரி 6 மேற்கே போய் ஞானிகளின் வருகை விழாவாக நிலைத்தது. இப்படி இரண்டு கரைகளும் அமைந்த பிறகு நடுவிலிருந்த நாட்கள் தாமாகவே ஒன்றாகின. 567-இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய சங்கம், பிறப்பு விழாவுக்கும் திருக்காட்சிக்கும் இடைப்பட்ட நாட்கள் எல்லாமே விழா நாட்கள் என்று பதிவுசெய்கிறது. ஜனவரியின் முதல் மூன்று நாட்கள் மட்டும் விலக்கு. பிற சமயத்தாரின் புத்தாண்டுக் கேளிக்கைகளுக்கு எதிராக அன்று மன்றாட்டுகள் நடத்த வேண்டும்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். டிசம்பர் 25-க்கு மட்டும் ரோமை வழிபாட்டில் நள்ளிரவு, விடியல், பகல் என மூன்று திருப்பலிகள். 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு கிறிஸ்துமஸ் மறையுரையை, ‘இன்று மூன்று முறை திருப்பலி நிறைவேற்ற வேண்டியிருப்பதால் நீண்ட நேரம் பேச முடியாது’ என்றுதான் தொடங்குகிறார். ஒரு நீண்ட நாளின் அலுப்பு அந்த வரியில் தெரிகிறது. நள்ளிரவில் லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது: அகுஸ்துவின் கட்டளை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தீவனத்தொட்டி, வானதூதர்கள். விடியலில் அதன் தொடர்ச்சி, இடையர்கள் போய்ப் பார்க்கிறார்கள். பகலில் யோவான் நற்செய்தியின் முன்னுரை. அதில் தாயும் இல்லை, தொட்டியும் இல்லை, பெத்லகேம் என்ற பெயர்கூட இல்லை. ‘தொடக்கத்தில் வாக்கு இருந்தது’ என்று தொடங்கி, அந்த வாக்கு மனிதரானார் என்ற இடத்துக்கு வருகிறது. இரவிலிருந்து பகலுக்குள் வழிபாடு தொழுவத்தின் தரையிலிருந்து காலத்தின் தொடக்கத்துக்கே ஏறிவிடுகிறது. குழந்தைகள் நாடகத்தில் மூன்றாவது வாசகத்துக்கு இடமில்லை. வழிபாடு அன்றைய தலையாய வாசகமாக வைத்திருப்பதோ அதைத்தான்.

அன்றைய வழிபாட்டில் இன்னொரு சிறிய செயலும் உண்டு. நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது, தூய ஆவியால் கன்னி மரியாவிடம் உடலெடுத்தார் என்ற வரியில் மற்ற ஞாயிறுகளில் தலைவணங்குவார்கள். கிறிஸ்துமஸ் அன்றும், மார்ச் 25 மங்கள வார்த்தை விழாவிலும் மட்டும் எல்லோரும் முழந்தாளிடுவார்கள். நாற்காலிகள் கிரீச்சிட, சிலர் தாமதமாக நினைவு வந்து அவசரமாகக் குனிவதை எந்த ஆலயத்திலும் பார்க்கலாம். முழந்தாளிடும் இடம் ‘பிறந்தார்’ என்ற சொல் அல்ல, கடவுள் மனித உடலை ஏற்றார் என்ற கூற்று. கொண்டாடப்படுவது எது என்பதை அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன.

டிசம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை எண்கிழமை. எட்டு நாளும் ஒரே பெருவிழாவின் நீட்சி. இதற்குள்தான் ஸ்தேவானும் (26), திருத்தூதர் யோவானும் (27), மாசற்ற குழந்தைகளும் (28) வருகிறார்கள். மனத்தாலும் செயலாலும் மறைச்சாட்சியானவர் ஸ்தேவான், மனத்தால் மட்டும் ஆனவர் யோவான், மனத்தால் அறியாமலே செயலால் ஆனவர்கள் குழந்தைகள் என்று இடைக்காலத்தவர் இதற்கு அழகான விளக்கம் சொன்னார்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 411-இல் எழுதப்பட்ட சிரியாக் மொழிப் பட்டியல் ஒன்றிலேயே டிசம்பர் 26 ஸ்தேவானுக்கு உரியதாக இருக்கிறது. யாரும் உட்கார்ந்து மூவரையும் திட்டமிட்டு அடுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வந்துவிழுந்ததைத் திருச்சபை நகர்த்தாமல் வைத்துக்கொண்டது. நேற்று நம் அரசரின் பிறப்பு, இன்று அவருடைய போர்வீரரின் வெற்றி என்று 6-ஆம் நூற்றாண்டு ஆயர் புல்கென்சியு இதை விளக்கினார். பிறப்பையும் சாவையும் அருகருகே வைக்கும் துணிவு இந்தக் காலத்துக்கு உண்டு என்பதே என் வியப்பு. கிழக்கத்திய திருவோவியங்களில் குழந்தையைச் சுற்றிய துணி பிணத்தைச் சுற்றும் துணிபோல இருக்கும்; தொட்டி கல்லறைப் பெட்டியின் வடிவில் இருக்கும்; பின்னணியில் இருண்ட குகை.

எட்டாம் நாளான ஜனவரி 1-ஐ 1969-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட புதிய நாட்காட்டி மரியா இறைவனின் தாய் பெருவிழாவாக்கியது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அது விருத்தசேதன விழாவாக இருந்தது. மரியாவைப் பற்றிய விழாபோலத் தோன்றினாலும் 431-இல் எபேசுச் சங்கம் அந்தப் பட்டத்தை உறுதிசெய்தது குழந்தையைப் பற்றிய சர்ச்சை ஒன்றைத் தீர்ப்பதற்காக: அவளிடம் பிறந்தவர் கடவுளா, கடவுள் குடிகொண்ட மனிதரா? திருக்குடும்ப விழா இந்த வாரத்துக்குப் புது வரவு. 1921-இல்தான் அது உலகத் திருச்சபை முழுவதற்கும் வந்தது, எண்கிழமைக்குள் வந்தது 1969-இல்.

திருக்காட்சி விழாவின் மாலை மன்றாட்டில் பழைய முன்மொழி (பாடலுக்கு முன் பாடும் சிறு வரி) ஒன்று, இன்று விண்மீன் ஞானிகளை நடத்தியது, இன்று கானாவில் தண்ணீர் திராட்சை இரசமானது, இன்று கிறிஸ்து யோர்தானில் திருமுழுக்குப் பெற்றார் என்று மூன்றையும் ஒரே ‘இன்று’க்குள் அடக்குகிறது. ஆண்டுகள் இடைவெளியுள்ள மூன்று நிகழ்ச்சிகள். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான், யார் என்று தெரியாதிருந்தவர் வெளிப்படுகிறார். அதே நாளில் நற்செய்திக்குப் பின் அவ்வாண்டின் உயிர்ப்புப் பெருவிழாத் தேதியை முறைப்படி அறிவிக்கும் பழக்கமும் இருக்கிறது. அச்சிட்ட நாட்காட்டி இல்லாத காலத்தில் அது நடைமுறைத் தேவை. இன்று தேதி எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சில ஆலயங்களில் பாடுகிறார்கள். குடிலுக்கு முன் நின்று சிலுவையின் தேதியைச் சொல்வது அங்கே உறுத்தலாக இல்லை, ஏனென்றால் இந்தக் காலம் முழுவதும் உயிர்ப்பை நோக்கியே சாய்ந்திருக்கிறது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஏற்றதில்லை. விவிலியத்தில் தேதி இல்லை, கட்டளையும் இல்லை என்று சொல்லி 1647-இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் இந்தப் பண்டிகையைத் தடைசெய்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். தேதி இல்லை என்ற வாதத்தில் பிழை ஒன்றும் இல்லை. தேதியை நம்பி இந்த விழா நிற்கவில்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தேதிகள் இன்றும் ஒன்றல்ல. ரஷ்ய, செர்பிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஜனவரி 7-இல் கொண்டாடுவதைப் பார்த்து அவர்களுக்கு வேறு தேதி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் அது டிசம்பர் 25தான். 1582-இல் வந்த கிரகோரியன் திருத்தத்தை ஏற்காத ஜூலியன் நாட்காட்டி 13 நாள் பின்தங்கியிருக்கிறது. 2100-இல் அந்த இடைவெளி 14 ஆகும். அதன்பின் அவர்களுடைய கிறிஸ்துமஸ் நம் கணக்கில் ஜனவரி 8. உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் சபை 2023-இல் டிசம்பர் 25-க்கு மாறிக்கொண்டது. அர்மீனியத் திருத்தூதர் சபை மட்டும் பழைய கிழக்கத்திய முறையை விடாமல் பிறப்பையும் திருமுழுக்கையும் ஜனவரி 6-இல் சேர்த்தே கொண்டாடுகிறது. அதே சபையின் எருசலேம் மறைத்தலம் ஜூலியன் கணக்கையும் பின்பற்றுவதால் அங்கே அது ஜனவரி 19. ஆகவே பெத்லகேம் ஊரில் ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை கிறிஸ்துமஸ் வருகிறது.

குடிலை எப்போது பிரிப்பது என்ற கேள்விக்கும் ஒற்றை விடை இல்லை. பன்னிரண்டு நாள் கணக்கு வைத்திருப்பவர்கள் ஜனவரி 5 மாலையோ 6-ஆம் தேதியோ பிரிக்கிறார்கள். 1969 நாட்காட்டியைப் பின்பற்றுபவர்களுக்கு ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது இருக்கலாம். மறுநாள் பொதுக்காலம், பச்சை உடை. போலந்தில் எஜெரியா சொன்ன பழைய நாற்பது நாள் கணக்கே இன்னும் நடக்கிறது. பிப்ரவரி 2-இல் மெழுகுவர்த்திகளை மந்திரித்து முடிக்கும் வரை அங்கே ஆலயங்களில் குடிலும் இருக்கும், கிறிஸ்துமஸ் பாடலும் ஒலிக்கும்.